15 நாள் ஊருக்குப் போய்ட்டு வந்தா வீடு நாறுது, பேட்டரி செத்துடுது. பூட்டுறதுக்கு முன்னாடி என்ன செய்யணும்?

கேள்வி:
கிராமத்துல அப்பா அம்மாகூட 15 நாள் இருந்துட்டு வரப்போறோம். ஒவ்வொரு தடவையும் திரும்பி வந்து கதவைத் திறந்தா, பாத்ரூம்ல இருந்து சாக்கடை நாத்தம் வீடு முழுக்க அடிக்குது. நல்லாக் கழுவி, பினாயில் ஊத்திட்டுத்தான் கிளம்புறோம். மெயின் சுவிட்சையும் ஆஃப் பண்ணிடுவோம், ஆனா இன்வர்ட்டர் பேட்டரி காலியாக் கிடக்கு. பைக்கும் ஸ்டார்ட் ஆகறதில்ல. ராத்திரி வந்து இறங்கி மறுநாள் காலைல வேலைக்கு ஓடணும், அப்போ உட்கார்ந்து சரிபண்ண நேரம் இருக்காது. விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பதில் 1:
பினாயிலுக்கும் இந்த நாத்தத்துக்கும் சம்பந்தமே இல்லைங்க. ஃப்ளோர் ட்ராப் (தரையில தண்ணி வடியுற இடம்), சிங்க், வாஷ் பேசின் எல்லாத்துக்கும் கீழே ஒரு வளைவு இருக்கும். அதுல வழக்கமா 50 மில்லிமீட்டர் அளவுக்குத் தண்ணி நிக்கும். சாக்கடைக் காத்து மேலே ஏறாம தடுக்கிறது அந்தத் தண்ணிதான். தினமும் புழங்குற வீட்ல அது குறையவே குறையாது. பூட்டிப் போட்டா கொஞ்சம் கொஞ்சமா ஆவியாயிடும், வெயில் காலத்துல இன்னும் சீக்கிரம்.

கிளம்புற அன்னைக்கு, எல்லாரும் குளிச்சு முடிச்ச பிறகு, ஒவ்வொரு ட்ராப்லயும் ஒரு சொம்பு தண்ணி ஊத்துங்க. அது மேல ரெண்டு மூணு ஸ்பூன் எண்ணெய் விடுங்க. எண்ணெய் மிதந்து மேலே மூடிக்கிறதால தண்ணி ஆவியாகறது ரொம்பக் குறையும். பால்கனி, வாஷிங் மெஷின் பக்கம் இருக்கிற ட்ராப்களைத்தான் எல்லாரும் மறக்கிறாங்க. டாய்லெட்டுக்கு மூடியைப் போட்டு மூடினாலே போதும்.

இவ்வளவு செஞ்சும் நாத்தம் வந்தா, ட்ராப் மேல இருக்கிற ஓட்டை மூடியை (ஜாலி) தூக்கி உள்ளே பாருங்க. ஒரு முடிக்கற்றை பாதி தண்ணிக்குள்ளேயும் பாதி விளிம்பைத் தாண்டியும் தொங்கினா, விளக்குத் திரி எண்ணெயை இழுக்கிற மாதிரி அது தண்ணியைச் சொட்டுச் சொட்டா வெளியே இழுத்துடும். ட்ராப் வழக்கத்தைவிடச் சீக்கிரம் காய்ஞ்சு போறதுக்கு இதுவும் ஒரு காரணம். முடியை எடுத்துட்டுத் தண்ணி ஊத்துங்க.

பதில் 2:
பேட்டரி ஏன் காலியாகுதுன்னு உங்க கேள்வியிலேயே இருக்கு. மெயினை ஆஃப் பண்ணிட்டு இன்வர்ட்டரை ஆன்லயே விட்டா, கரண்ட் போயிடுச்சுன்னு அது நினைச்சுக்கும். ரவுட்டர், ஸ்டாண்ட்பைல இருக்கிற டிவின்னு எல்லாத்துக்கும் பேட்டரியில இருந்தே கொடுத்துட்டு இருக்கும். அப்படி முழுசா இறங்கின லெட் ஆசிட் பேட்டரி நாள்கணக்கில் சார்ஜ் இல்லாம கிடந்தா, தகட்டுல சல்ஃபேட் படிஞ்சு கெட்டியாயிடும். அதுக்கப்புறம் எவ்வளவு சார்ஜ் போட்டாலும் பழைய தாக்குப்பிடிப்பு வராது.

அதனால மெயினை ஆஃப் பண்ணாதீங்க. கீசர், ஏசி, மோட்டார் இதுகளோட எம்சிபிகளை (மெயின் போர்டுல ஒவ்வொண்ணுக்கும் தனியா இருக்கிற சுவிட்சுகள்) மட்டும் இறக்குங்க. இன்வர்ட்டருக்கு வர்ற லைன் ஓடிட்டே இருக்கட்டும். டிஸ்டில்டு வாட்டர் அளவுக்கோட்டுக்குக் கீழே இருந்தா நிரப்பிட்டுப் போங்க, தகடு காத்துல வெளியே தெரியவே கூடாது. மெயினைக் கட்டாயம் ஆஃப் பண்ணியே ஆகணும்னா, முதல்ல இன்வர்ட்டரோட அவுட்புட்டை ஆஃப் பண்ணிட்டு அப்புறம் மெயினுக்குப் போங்க.

பைக்குக்கு நெகட்டிவ் டெர்மினலைக் கழட்டி வச்சா போதும். நெகட்டிவைத்தான் முதல்ல கழட்டணும். பாசிட்டிவை முதல்ல கழட்டினா, அப்போ ஸ்பேனர் வண்டி பாடியில பட்டா ஷார்ட் ஆகும். கழட்டுறதுக்கு முன்னாடி வோல்ட் பாருங்க. வண்டி ஓடி சில மணி நேரம் கழிச்சு 12.6 காட்டினா முழு சார்ஜ். 12.4க்குக் கீழேன்னா சார்ஜ் போட்டுட்டுப் போங்க. பிளாஸ்டிக் ஷீட் போட்டு இறுக்கி மூடாதீங்க, உள்ளே ஈரம் கட்டி துரு பிடிக்கும்.

பதில் 3:
ரெண்டு பேரும் சொன்னதோட ஒரு முக்கியமான விஷயம் சேர்க்கணும். டெங்கு பரப்புற ஏடிஸ் கொசு, முட்டையில இருந்து பறக்கிற கொசுவாக வெயில் காலத்துல ஒரு வாரம், பத்து நாள் போதும். உங்க 15 நாள்ல ஒரு தலைமுறையே வளர்ந்து முடிஞ்சிருக்கும். பக்கெட், செடித்தொட்டி அடித்தட்டு எல்லாத்தையும் கவிழ்த்து வைங்க, ஃப்ரிட்ஜ் பின்னாடி இருக்கிற தண்ணித்தட்டைக் காலி பண்ணுங்க. கவிழ்க்கிறதுக்கு முன்னாடி உள்பக்கத்தைத் தேய்ச்சுக் கழுவுங்க, ஏன்னா முட்டை சுவர்ல ஒட்டி, காய்ஞ்சு போயும் மாசக்கணக்கில் உயிரோட இருக்கும்.

கேட்டவர்:
ரொம்ப நன்றிங்க. ஃப்ரிட்ஜை என்ன பண்றது? ஃப்ரீசர்ல கொஞ்சம் பொருள் இருக்கு.

பதில் 3:
ஓடவிட்டா, ஒரு டம்ளர் தண்ணியை ஃப்ரீசர்ல கெட்டியா உறையவச்சு, மேலே ஒரு நாணயம் வைங்க. திரும்பி வந்து பார்க்கும்போது நாணயம் அடியில கிடந்தா, கரண்ட் ரொம்ப நேரம் போய், உருகி மறுபடி உறைஞ்சிருக்குன்னு அர்த்தம். உள்ளே இருக்கிறதை எல்லாம் வெளியே போட்டுடுங்க. பார்க்க நல்லாத்தான் இருக்கும், நம்பாதீங்க. ஆஃப் பண்றதா இருந்தா காலி பண்ணி, துடைச்சு, கதவிடுக்கில் துண்டை மடிச்சு வச்சுத் திறந்து விடுங்க. மூடினா பூஞ்சை பிடிக்கும்.

பதில் 1:
வந்து இறங்கின ராத்திரிக்கும் சொல்லிடுறேன். கதவைத் திறந்ததும் கேஸ் வாடை வந்தா எந்த சுவிட்சையும் தொடாதீங்க. ஜன்னலைத் திறந்துட்டு ரெகுலேட்டரைப் பாருங்க. அப்புறம் எல்லாக் குழாயையும் ரெண்டு மூணு நிமிஷம் திறந்துவிடுங்க. ஷவரை மட்டும் பக்கெட்டுக்குள்ள இறக்கிப் பிடிச்சுத் திறங்க. 20ல இருந்து 45 டிகிரி வரைக்குமான தேங்கின தண்ணியில, நிமோனியா வரவைக்கிற லெஜியோனெல்லா கிருமி வளரும், அந்தச் சாரலை மூச்சுல இழுக்கக் கூடாது. கீசரை 60 டிகிரிக்கு வச்சு முழுசா சூடேத்தின பிறகு குளிங்க. ஆர்ஓ (குடிதண்ணி சுத்தம் பண்ற மெஷின்) டேங்க்ல தேங்கியிருக்கிற தண்ணியைக் குடிக்காதீங்க, முழுசா வடிச்சு ரெண்டாவது தடவை நிரம்பின பிறகு எடுங்க. அந்த டேங்க் ரெண்டு தடவை நிரம்ப நேரமாகும். அதனால மறுநாள் காலைக்குக் குடிக்க ஊர்ல இருந்து ரெண்டு பாட்டில் தண்ணி எடுத்துட்டு வந்துடுங்க.