பேரிஜம் பக்கம் கூடாரம் போட இடம் தெரியுமா?

வணக்கம். கடலூர் முதுநகரிலிருந்து எழுதுகிறேன். ஜனவரியில் நானும் மச்சானும் அவர் பையனும் கொடைக்கானல் போகிறோம். விருத்தாசலத்தில் ரயில், கொடை ரோட்டில் இறங்கி பஸ். அதுவரை சிக்கல் இல்லை.

பேரிஜம் ஏரிக்கரையில் ஓர் இரவு தங்க ஆசை. ஆனால் அது காப்புக்காடு. வனத்துறை அனுமதி வாங்கினாலும் பகலில் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான் என்கிறார்கள். 2018 குரங்கணி தீக்கு அப்புறம் திருட்டுத்தனமாகக் காட்டுக்குள் நுழையும் எண்ணம் எனக்குச் சுத்தமாக இல்லை. (மச்சானுக்கு இருக்கிறது.) பூம்பாறை, மன்னவனூர் பக்கம் முறையாகக் கூடாரம் போட விடும் இடம் யாருக்காவது தெரியுமா?

கூடாரம் கையில் இருக்கிறது. போன வாரம் தேவனாம்பட்டினம் கடற்கரையில் விரித்துப் பார்த்தோம். மணலில் முளை நிற்கவே இல்லை. நாலு மூலையிலும் தண்ணீர்க் கேனைக் கட்டி நிறுத்தினோம். உள்ளே புழுக்கத்தில் பனியன் நனைந்துவிட்டது. ஏழாயிரம் அடி உயரத்தில் கதை வேறாச்சே! எங்கள் வீட்டில் உருப்படியாக ஒரு ஸ்வெட்டர்கூடக் கிடையாது. இரண்டு கம்பளி போதுமா, இல்லை ஸ்லீப்பிங் பேக் அங்கேயே வாடகைக்குக் கிடைக்குமா? தரையிலிருந்து ஏறும் குளிருக்குக் கீழே என்ன விரிப்பீர்கள்? கோரைப்பாய் தாங்குமா?