புதுப்பிப்பு: சூடேறினால் பி.எல்.ஏ. மின்காப்பு என்ன ஆகும்?

மட்கும் பிளாஸ்டிக்கை மின்காப்புக்கு நம்பலாமா என்ற என் பழைய பதிவுத் தொடர், அறை வெப்பநிலையில் பி.எல்.ஏ. (பாலிலாக்டிக் அமிலம் என்ற மட்கும் பிளாஸ்டிக்), கம்பி உறைகளில் வழக்கமாகப் பயன்படும் பாலிஎத்திலீனுக்குச் சளைத்ததல்ல என்பதோடு நின்றிருந்தது. சூட்டில் எப்படி என்று பலர் கேட்டிருந்தீர்கள்.

எல்லாமே கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலையில்தான், அதாவது கண்ணாடிபோல் இறுகிய பிளாஸ்டிக் இளகத் தொடங்கும் வெப்பநிலையில்தான் இருக்கிறது. பி.எல்.ஏ.வுக்கு அது ஏறத்தாழ 55-60 டிகிரி செல்சியஸ். அதற்குக் கீழே மூலக்கூறுச் சங்கிலிகள் இறுகிக் கிடப்பதால், உள்ளே சிக்கிய அயனிகளுக்கு (மின்னூட்டம் கொண்ட துகள்களுக்கு) நகர அதிகம் வழியில்லை. அந்த எல்லையைத் தாண்டியதும் சங்கிலிகள் நெளியத் தொடங்கும். தயாரிப்பில் சேர்த்த வினையூக்கியின் எச்சமும் ஈரமும் தந்த அயனிகள் ஓடத் தொடங்கும். மின்தடை மளமளவென்று சரியும், மின்காப்புப் பொருளுக்குள் வெப்பமாக வீணாகும் மின்னாற்றலும் கூடும்.

வேறு இரு மட்கும் பிளாஸ்டிக்குகளான பி.பி.எஸ். (பாலிபியூட்டிலீன் சக்சினேட்), பி.சி.எல். (பாலிகாப்ரோலாக்டோன்) இரண்டுக்கும் அந்த எல்லை பூஜ்யத்துக்கும் கீழே. அதனால் அறை வெப்பநிலையிலேயே அவற்றில் கசிவு அதிகம். பி.சி.எல். 60 டிகிரியில் உருகியே விடும். கம்பிக்கு அது ஆகாது.

டெர்மினல் மூடியை (கம்பிகளைத் திருகி இணைக்கும் முனைகளின் மூடியை) பி.எல்.ஏ.வில் முப்பரிமாண முறையில் அச்சிடலாமா என்று கேட்ட நண்பருக்கு: வேண்டாம். சாதாரண பி.வி.சி. கம்பியே 70 டிகிரிக்குத் தகுதி பெற்றது. அந்தச் சூட்டில் உங்கள் மூடி வளைந்து, திருகின் பிடி தளர்ந்து, மின்முனைகளுக்கு இடையிலான இடைவெளியே மாறிவிடும். மின்தடை குறைவதைவிட எனக்கு இதுதான் பெரிய பயம். படிகமாக்கிய (சங்கிலிகளை ஒழுங்காக அடுக்கவைத்த) பி.எல்.ஏ. வடிவத்தை ஓரளவு காக்கும். ஆனால் சூடும் ஈரமும் சேர்ந்தால் மூலக்கூறுச் சங்கிலியைக் கோக்கும் எஸ்டர் பிணைப்புகள் அறுபடுவதை அது தடுக்காது.