உச்ச அழுத்தம் ஒன்றாக இருந்தும் குண்டின் வேகம் மாறுவது ஏன்?

தக்கலைவாசி:
டெக்சாஸில் குடியிருக்கும் என் அத்தான், வேட்டைக்குரிய .308 வின்செஸ்டர் தோட்டாக்களைத் தாமே நிரப்பிக்கொள்கிறார். (இங்கே உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம், ஆகவே எனக்கு இது ஏட்டளவில்தான்.) அவரிடமுள்ள கையேட்டில், ஒரே எடையுள்ள குண்டுக்கு இரண்டு வெடிமருந்துகள் ஏறத்தாழ ஒரே உச்ச அழுத்தத்தைத் தருகின்றன, வேகமோ வேறுபடுகிறது. தள்ளுவது அழுத்தம்தான் என்றால் இது எப்படி?

நாகர்கோவில் ஆசிரியர்:
கையேடு சொல்வது உச்சப் புள்ளியை மட்டும்தான். குண்டு குழலுக்குள் சில சென்டிமீட்டர் நகர்வதற்குள் அது வந்து போய்விடும். குண்டு பெறும் ஆற்றலோ குழல் முழுவதும் அதன் மேல் செயல்பட்ட அழுத்தத்தின் மொத்த விளைவு. 9.7 கிராம் குண்டு நொடிக்கு 860 மீட்டர் வேகத்தில் வெளியேறினால் அதன் ஆற்றல் சுமார் 3,600 ஜூல். குழலின் குறுக்குப் பரப்பு 47 சதுர மில்லிமீட்டர், குண்டு ஓடும் தூரம் 56 சென்டிமீட்டர் என்று கொண்டு, உராய்வை விட்டுவிட்டுக் கணக்கிட்டால், சராசரி அழுத்தம் ஏறத்தாழ 20,000 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு விசை என்னும் அழுத்த அலகு). இந்தத் தோட்டாவுக்கு அமெரிக்கத் தர அமைப்பான சாமி (SAAMI) வகுத்த உச்ச வரம்பு 62,000. மெதுவாக எரியும் மருந்து, உச்சத்தைக் கூட்டாமலே இந்தச் சராசரியை உயர்த்துகிறது.

குளச்சல்காரன்:
ஆசிரியர் சொன்னது சரி. மணலிலிருந்து வள்ளம் இறக்குகையில், முதல் தள்ளோடு கையை எடுத்துவிடுபவரைவிட, தண்ணீர் தொடும்வரை கூடவே ஓடித் தள்ளுபவரே அதிக வேகம் கொடுக்கிறார். ஆனால் மருந்தைக் கூட்டி வேகம் தேடுவதில் ஆபத்து உண்டு: அளவைச் சிறிது ஏற்றினால், வேகம் உயரும் விகிதத்தைவிட அழுத்தம் உயரும் விகிதம் பெரிது. தோட்டாவின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடியான பிரைமர் தட்டையாகியிருக்கிறதா என்று பார்ப்பதும் அழுத்தத்துக்கு நம்பத்தக்க அளவுகோல் அன்று; குண்டைக் குழலின் வரிப்பள்ளம் தொடங்கும் இடத்தை ஒட்டி அமர்த்தினாலே உச்சம் ஏறிவிடும், குண்டின் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃபில் அது பெரிதாகத் தெரியாது.

தக்கலைவாசி:
அப்படியானால், குழலை நீட்டினால் அழுத்தமும் கூடுமா, ஐயா?

நாகர்கோவில் ஆசிரியர்:
உச்சம் கூடாது; நீட்டிய பகுதியைக் குண்டு அடையும் முன்பே அது கடந்துபோயிருக்கும். வேகம் மட்டும் சற்றுக் கூடும். வாயு விரிய விரிய அழுத்தம் இறங்குவதால், சேர்க்கும் ஒவ்வோர் அங்குலத்துக்கும் ஆதாயம் குறைந்துகொண்டே போகும்.