பெண்கள் கே1 ஸ்லாலம்: கம்பில் பட்ட 2 வினாடி எங்கிருந்து வருகிறது?

எதிரோட்டம்:

சர்வதேசப் போட்டிகளைப் பார்த்தவர்களும் படகு ஓட்டுபவர்களும் கவனித்ததை எழுதுங்கள். "நல்லா ஓட்டினாங்க, பாவம் கம்புல பட்டுருச்சு" என்று முடித்துவிடாமல், ஏன் பட்டது என்பது வரைக்கும் போகலாம்.

புதியவர்களுக்காகச் சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கே1 ஸ்லாலம் என்றால் ஒருவர் உட்கார்ந்து, இருமுனையிலும் தகடுள்ள துடுப்பால் பாயும் நீரில் கேட்டுகளைக் கடக்கும் படகுப்போட்டி. கேட் என்பது மேலிருந்து தொங்கும் இரண்டு கம்புகளுக்கு நடுவே உள்ள வழி. ஓடிய நேரத்தோடு தண்டனை வினாடியும் கூடும், மொத்தம் குறைந்தவர் வெல்வார். ஒரு தடத்தில் 18 முதல் 25 கேட் வரை இருக்கும், அதில் குறைந்தது 6 கேட் எதிரோட்டம். பச்சை வெள்ளைக் கம்பு என்றால் ஓட்டத்தோடு போக வேண்டும். சிவப்பு வெள்ளை என்றால் தாண்டிப் போய்த் திரும்பி, நீரை எதிர்த்து ஏற வேண்டும். கம்பில் பட்டால் 2 வினாடி, கேட்டை விட்டால் 50 வினாடி. ஒரே கேட்டில் மூன்று முறை பட்டாலும் 2 வினாடிதான்.

டோக்கியோ ஒலிம்பிக் இறுதிச்சுற்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஜெர்மனியின் ரிகார்டா ஃபுங்க் 105.50 வினாடி, தங்கம். ஸ்பெயினின் மாயலன் சோரோ 106.63. ஆஸ்திரேலியாவின் ஜெசிகா ஃபாக்ஸ் 106.73, அதில் 4 வினாடி தண்டனை. துடுப்பு வேகத்தை மட்டும் பார்த்தால் அவருடையது 102.73. கிடைத்ததோ வெண்கலம். 2024 பாரிஸில் அதே ஃபாக்ஸ் 96.08-இல் தங்கம் வாங்கினார். டோக்கியோவின் அந்த 4 வினாடியை "கவனக்குறைவு" என்று சொல்லி ஒதுக்குவதை என்னால் ஏற்க முடியாது. கம்பில் படுகிற தவறு பெரும்பாலும் இரண்டு கேட்டுக்கு முன்பே நடந்து முடிந்திருக்கும். 8-ஆம் கேட்டிலிருந்து படகு அரை மீட்டர் தள்ளி வெளியே வந்தால் 9-இல் கோணம் கெடும், 10-இல் உடம்பு கம்பில் போய் நிற்கும். நடுவர் எழுதுவது 10-க்கு எதிரே.

கரையோரம்:

நடுவர் பக்கத்திலிருந்து பார்த்தால் தெரிவதைச் சொல்கிறேன். கம்பின் கீழ்முனை தண்ணீருக்கு ஏறத்தாழ 20 செ.மீ. மேலே தொங்கும்படிதான் கட்டுவார்கள். படகின் மூக்கும் வாலும் தட்டையாக இருப்பதால் அந்த இடைவெளியில் நுழைந்து போகும். படகு கேட்டுக்கு வெளியே இருப்பது போலத் தெரியும், ஆனால் வால் கம்புக்கு அடியில் சத்தமில்லாமல் வழுக்கிப் போய்விடும். அது சரியான ஓட்டம். தலை முழுவதும் இரண்டு கம்புக்கும் நடுவே கடக்க வேண்டும், அதே நேரத்தில் படகின் ஏதாவது ஒரு பகுதியும் அந்தக் கோட்டில் இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

கம்பில் படுகிற இடங்கள் மூன்று. ஒன்று, எதிரோட்ட கேட்டில் உள்கம்பு (திருப்பத்தின் உள்பக்கம் இருக்கும் கம்பு) பக்கமுள்ள தோள். மிதவைச் சட்டையின் தோள்பட்டை லேசாக உரசினாலும் கணக்குதான். இரண்டு, கேட்டை விட்டு வெளியேறும்போது முதுகுக்குப் பின்னால் மேலெழும் வால். மூன்று, அவசரமாகப் போடும் முதல் இழுப்பில் துடுப்பின் மேல்தகடு. இரண்டாவதுதான் கொடுமை, ஓட்டுபவருக்குத் தெரியவே தெரியாது. கம்பு ஆடியதற்காக மட்டும் தண்டனை இல்லை, அலை அடித்தும் ஆடும். பட்டது கண்ணில் தெரிய வேண்டும்.

புதுத்துடுப்பு:

ஒரு சந்தேகம். 2 வினாடி அவ்வளவு பெரிய விஷயம் என்றால் கம்பை விட்டு நன்றாகத் தள்ளியே போகலாமே?

எதிரோட்டம்:

நல்ல கேள்வி, இதில்தான் விஷயமே இருக்கிறது. ஒவ்வொரு எதிரோட்ட கேட்டிலும் அகலமாகச் சுற்றினால் அரை வினாடி போகும் என்று வையுங்கள். 6 கேட்டில் 3 வினாடி. கம்பில் ஒரு தடவை பட்டதைவிட அதிக நஷ்டம். அதனால்தான் முன்னணிப் பெண்கள் உள்கம்பைக் காதோரம் வைத்துத் திரும்புகிறார்கள்.

எதிரோட்ட கேட்டை மெதுவாக ஓட்டிப் பார்த்தால் இப்படி இருக்கும். தடுப்புக்குப் பின்னால் நீர் மேல்நோக்கித் திரும்பி ஓடும் இடத்தை எடி என்கிறோம். கீழ்நோக்கிப் பாயும் நீருக்கும் எடிக்கும் நடுவே ஒரு கோடு தெரியும், சில இடங்களில் ஒரு சாண் உயரத்துக்கே மேடாக நிற்கும். அந்தக் கோட்டை வேகத்தோடும் கோணத்தோடும் வெட்ட வேண்டும்; வேகம் குறைந்தால் படகு கோட்டின் மேலேயே தங்கிக் கீழே இழுபட்டுப் போகும். கோட்டைத் தாண்டுவதற்குச் சற்று முன் வெளிப்பக்கத் துடுப்பால் ஓர் அகல வீச்சு, மூக்கு திரும்பத் தொடங்கும். தாண்டும் கணத்தில் உள்பக்க இடுப்பை அழுத்திப் படகைத் திருப்பத்தின் உள்பக்கம் சாய்க்க வேண்டும். அடுத்து உள்பக்கத் துடுப்பை முழங்காலுக்கு முன்னால் செங்குத்தாக நட்டு அப்படியே பிடிக்க வேண்டும். படகு அந்தத் துடுப்பை அச்சாக வைத்துச் சுழலும். துடுப்பை எடுக்காமலே அதை முன்னிழுப்பாக மாற்றினால் கேட்டுக்குள் ஏறிவிடலாம்.

கெடுவது பெரும்பாலும் நடுவதில்தான். துடுப்பைச் சீக்கிரம் நட்டால் படகு கேட்டுக்குக் கீழேயே சுழன்று நிற்கும், பிறகு இரண்டு மூன்று இழுப்பு போட்டு ஏற வேண்டும். தாமதமாக நட்டால் படகு எடிக்குள் அதிகம் உள்ளே போய்விடும், வெளியேறும்போது வால் உள்கம்பை வாரும். கண் எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். கம்பைப் பார்த்துக்கொண்டே திரும்புபவர் கம்பிடமே போவார். கேட்டுக்குள் தலை நுழையும்போதே பார்வை அடுத்த கேட்டில் இருக்க வேண்டும்.

படகுப்பட்டறை:

படகைப் பற்றி யாரும் எழுதவில்லையே. நீளம் குறைந்தது 3.50 மீட்டர், அகலம் குறைந்தது 60 செ.மீ. என்பது ஆண், பெண் இருவருக்கும் ஒன்றுதான். ஆனால் 55 கிலோ எடையுள்ள பெண், 75 கிலோ ஆணுக்கு வார்த்த படகில் உட்கார்ந்தால் வால் நீருக்குள் இறங்காது. வால் இறங்கினால்தான் மூக்கு எழும்பி ஒரே இடத்தில் சுழலும். அதனால் ஓட்டுபவரின் எடைக்கு ஏற்றபடி கொள்ளளவைக் குறைத்து வார்த்த படகுதான் வேண்டும். கடன் வாங்கிய பெரிய படகில் ஓடும் பெண்கள் எதிரோட்ட கேட்டில் திணறுவது பலத்தால் அல்ல.

இருக்கையை 1 செ.மீ. பின்னால் தள்ளினாலே வித்தியாசம் தெரியும். பின்னால் தள்ளினால் சுழற்சி எளிது, ஆனால் நேர்ஓட்டத்தில் மூக்கு தூக்கி அலையும். முன்னால் தள்ளினால் நேராக ஓடும், ஆனால் பின்சுருளும் அலையில் மூக்கு குத்தும். பயிற்சி நாளில் டேப் ஒட்டிக் குறித்து, இரண்டு மூன்று இடங்களில் ஓட்டிப் பார்த்த பிறகே பசை போடுங்கள்.

அரையிறுதிக்கும் இறுதிக்கும் நடுவே விரிசல் கண்டால் செய்ய வேண்டியது: முதலில் உள்ளே உள்ள நீரைப் பஞ்சால் முழுவதும் எடுக்க வேண்டும். ஒரு லிட்டர் நின்றாலும் ஒரு கிலோ, அது வாலுக்கே ஓடும். பிறகு சூடான காற்றால் உலர்த்தி, உப்புத்தாள் தேய்த்து, நேரம் இருந்தால் விரைவாக இறுகும் எபாக்ஸியும் கார்பன் துணியும். நேரம் இல்லையென்றால் உலர்ந்த பரப்பில் டேப் மட்டும். ஈரத்தின் மேல் ஒட்டிய டேப் முதல் அலையிலேயே கழன்றுவிடும். இரு முனையிலும் 30 செ.மீ.க்குள் இருக்க வேண்டிய கைப்பிடியையும் அப்படியே இழுத்துப் பாருங்கள், ஓட்டம் முடிந்தபின் சோதனையில் படகு மாட்டினால் ஓடியதெல்லாம் வீண்.

துடுப்புக்காரி:

தடத்தை மனப்பாடம் செய்வதையும் சேர்க்கிறேன். கேட் கட்டிய பிறகு அந்தத் தடத்தில் பயிற்சி ஓட்டம் கிடையாது. முன்னோட்டப் படகுகள் ஓடிக் காட்டும், போட்டியாளர் கரையில் நடந்துதான் படிக்க வேண்டும். கேட்டுக்கு நேராக நின்று பார்ப்பது போதாது. முந்தைய கேட்டின் உயரத்தில் குனிந்து, படகில் உட்கார்ந்தவரின் கண்மட்டத்தில் பாருங்கள். மேலிருந்து திறந்து தெரியும் கேட், கீழிருந்து ஒரே கம்பாகத் தெரியும்.

செயற்கைத் தடத்தில் நீர் ஒரே சீராக ஓடாது. அலை எழுவதும் அடங்குவதுமாக இருக்கும். அதனால் ஒவ்வொரு கடினமான இடத்துக்கும் இரண்டு திட்டம் வேண்டும்: அலை எழுந்திருந்தால் நேராக, அடங்கியிருந்தால் பின்திரும்பி (கேட்டுக்குள் பின்புறமாக நுழைந்து சுழன்று). பின்திரும்பினால் ஒரு கணம் பார்வை போகும், ஆனால் தலை கேட்டுக்கு வெளியே போவதைவிட அது மேல்.

புதுத்துடுப்பு:

கேட் விட்டுப்போனால் திரும்பிப் போக வேண்டுமா, 50-ஐ ஏற்றுக்கொண்டு தொடர வேண்டுமா?

கரையோரம்:

அடுத்த கேட்டைத் தொடங்காதவரை திரும்பிப் போகலாம். 50 வினாடிக்குக் குறைவான நேரத்தில் ஏற முடியும் என்றால் ஏறிப் போவதே லாபம். ஆனால் அடுத்த கேட்டின் கம்பில் பட்டுவிட்டால், அல்லது தலை அந்தக் கோட்டைக் கடந்துவிட்டால், முந்தையது முடிந்த கணக்கு. பிறகு ஏறினாலும் 50 நிற்கும். பின்னால் அடுத்த படகு வந்தால் நடுவர் விசில் அடிப்பார், உடனே ஒதுங்கி வழி விடுங்கள். வழி மறிக்கப்பட்டவருக்கு மறு ஓட்டம் கிடைக்கலாம், மறித்தவருக்கு அது கிடையாது.