ஒரே ஏரியிலிருந்து இரண்டு நதிகள்: என் வரைபடத்துக்கு உதவி வேண்டும்

நண்பர்களே, என் கற்பனை நாவலுக்காக மூன்று மாதமாக ஒரு கண்டத்தை வரைந்துகொண்டிருக்கிறேன். மேற்குக் கரையை ஒட்டி நீளமாக ஒரு மலைத்தொடர், நடுவில் பெரிய ஏரி, அதிலிருந்து ஒரு நதி கிழக்குக் கடலுக்கும் இன்னொன்று தெற்குக் கடலுக்கும் போகிறது. நேற்று தம்பியிடம் காட்டினேன். எந்தப் பக்கம் தாழ்வோ அந்த வழியாகத்தானே தண்ணீர் போகும், அது அரித்து அரித்து இன்னும் ஆழமாகிவிட்டால் மற்ற நதி வற்றிவிடாதா என்று கேட்டான். நியாயமான கேள்வி, ராத்திரி தூக்கமே வரவில்லை.

டெல்டா தவிர மற்ற இடங்களில் ஆறுகள் சேருமே ஒழிய பெரும்பாலும் பிரியாது என்று தெரியும். ஆனால் வெனிசுவேலாவில் ஒரினோகோ நதியிலிருந்து காசிக்கியாரே என்ற ஆறு பிரிந்து, ரியோ நீக்ரோ நதி வழியாக அமேசானில் கலக்கிறதே! நிலம் அவ்வளவு தட்டையாக இருந்தால் என் ஏரிக்கும் இது பொருந்துமா?

கிழக்கு நதியின் நீளம் பற்றிக் கவலையில்லை. கோதாவரியே அரபிக்கடலுக்குச் சுமார் 80 கி.மீ. பக்கத்தில் பிறந்து, 1,465 கி.மீ. ஓடி வங்கக் கடலுக்குத்தானே போகிறது.

அப்புறம் காடு. கண்டம் வடக்கு 45 பாகையில் இருக்கிறது, அங்கே காற்று மேற்கிலிருந்து வரும், அப்படியானால் தென் அமெரிக்காவில் ஆண்டிஸ் மலைத்தொடருக்குக் கிழக்கே பட்டகோனியா வறண்டு கிடப்பதுபோல என் கிழக்குப் பகுதியும் மழை மறைவில், அதாவது மலை மழையைத் தடுத்துவிடும் பக்கத்தில், காய்ந்துவிடும். கதைக்கு அங்கே அடர்ந்த காடு கட்டாயம் வேண்டும். மலையின் உயரத்தைக் குறைப்பதா, நடுவில் கணவாய் விடுவதா?

தெற்கு நதியின் முகத்துவாரத்தில்தான் கதாநாயகியின் ஊர், அதை மட்டும் அழிக்கச் சொல்லாதீர்கள். புவியியல் படித்தவர்கள் யாராவது சொல்லுங்கள், வரைபடத்தைக் கீழே போடுகிறேன்.