பேரியம் மேட் கிளேஸ்: எலுமிச்சை வைத்தும் நிறம் மாறவில்லை, காபி குடிக்கலாமா?

கேள்வி:
வணக்கம். மின்சூளையில், கோன் 6-இல் (சூளைச் சூட்டைக் குறிக்கும் அளவு) சுட்ட பீங்கான் குவளைகள். மேட் கிளேஸில் (குவளை மேல் உருகிப் படியும், பளபளப்பில்லாத கண்ணாடிப் பூச்சு) பேரியம் கார்பனேட் 20 சதவீதம், காப்பர் கார்பனேட் 3. மயில்கழுத்து நீலம், தொட்டால் பட்டு. உள்ளே இரவு முழுக்க எலுமிச்சைத் துண்டு வைத்தேன், தடமே இல்லை. விற்கலாமா?

பதில் 1:
தடம் விழுந்திருந்தால் கிளேஸ் தேறவில்லை என்று உறுதியாகச் சொல்லலாம். விழாததால் தேறிவிட்டது என்று சொல்ல முடியாது. பேரியத்துக்கு நிறம் கிடையாது. கிளேஸிலிருந்து பானத்தில் கசிந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. பேரியம் மேட்களில் சிலிக்காவும் அலுமினாவும் பெரும்பாலும் குறைவு, அதனால் பேரியத்தைப் பிடித்துவைக்கும் கண்ணாடி வலுவாக இருக்காது, செம்பு சேர்ந்தால் பிடிப்பு இன்னும் தளரும். உங்கள் கலவையில் எனக்கு நம்பிக்கை இல்லை. லேபுக்கு அனுப்புங்கள்.

கேட்டவர்:
வினிகரை ஊற்றிவைத்து, அதில் எப்சம் உப்பு (மக்னீசியம் சல்ஃபேட்) கரைசல் விட்டால் பேரியம் வெள்ளையாகப் படியும் என்கிறார்களே? வீட்டிலேயே பார்த்துவிடலாமே?

பதில் 2:
படியும், அது பேரியம் சல்ஃபேட். ஆனால் ஈயம் இருந்தாலும் அப்படித்தான் வெள்ளையாகும். குடிநீருக்கான ஐஎஸ் 10500 தரத்தில் பேரியத்தின் வரம்பு லிட்டருக்கு 0.7 மில்லிகிராம், அவ்வளவு சின்ன அளவில் கலங்கல் கண்ணில் படாது.

லேபில் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள். "லீச் டெஸ்ட்" (பாத்திரத்திலிருந்து கசியும் உலோகத்தை அளக்கும் சோதனை) என்று மட்டும் கேட்டால் வழக்கமாக ஈயமும் காட்மியமும்தான் பார்ப்பார்கள். பேரியமும் செம்பும் வேண்டும், ஐசிபி-யில் (மிகச் சிறிய அளவு உலோகத்தையும் அளக்கும் கருவி) பார்க்க வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். முறை எளிது: 4 சதவீத அசிட்டிக் அமிலம், அறை வெப்பம், 24 மணி நேரம். சூளையில் சூடு குறைவான தட்டிலிருந்து எடுத்த குவளையை அனுப்புங்கள். நன்றாக வெந்ததை அனுப்பினால் உண்மை தெரியாது. குடிநீர் வரம்பு பாத்திரத்துக்கான சட்ட வரம்பு அல்ல, ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அளவுகோல், அவ்வளவுதான்.

அப்புறம், பொடியைக் கலக்கும்போது முகமூடி கட்டாயம். பேரியம் கார்பனேட் வயிற்று அமிலத்தில் கரையும். ஒரு காலத்தில் எலிமருந்தாக விற்றது.

கேட்டவர்:
ஸ்ட்ரான்சியம் கார்பனேட்டுக்கு மாறினால்?

பதில் 2:
எடையில் முக்கால் பங்கு போடுங்கள். மேட் கிடைக்கும், அந்த நீலம் அப்படியே வராது. அதையும் சோதிக்கத்தான் வேண்டும். நீலத்தை விட மனமில்லையென்றால் வெளிப்பக்கம் மட்டும் பூசி, உதடு படும் விளிம்புக்கு இரண்டு விரல் கீழேயே நிறுத்துங்கள். உள்ளே பேரியமும் செம்பும் இல்லாத, சோதித்த பளபளப்பு கிளேஸ் போடுங்கள்.

கேட்டவர்:
சரி அண்ணா, அப்படியே செய்கிறேன். கையிலிருப்பவற்றை விற்பனைத் தட்டிலிருந்து எடுத்துவிட்டேன்.