புதுப்பிப்பு: சோழகத் தூசியும் அம்மாவின் இரவு இருமலும்

உதவிய எல்லோருக்கும் நன்றி. பரந்தன் பக்கம் கிறவல் வீதியோரம் எங்கள் வீடு. சோழகம் என்கிற தென்மேற்குக் காற்று தொடங்கினால் வீடு முழுக்கத் தூசி, அம்மாவுக்கு இரவிரவாக இருமல், என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தேன்.

வீதிப்பக்க வேலியைக் கிடுகால் நெருக்கமாக அடைக்கச் சொன்ன அண்ணாவின் யோசனை தூசிக்கு நன்றாகவே கைகொடுத்தது. விடிய, காற்று எழும்ப முன்னம் யன்னல்களைத் திறந்துவிட்டு, பிறகு தென்மேற்குப் பக்கத்தைச் சாத்திவிடுகிறோம். தும்புத்தடியால் கூட்டுவதை விட்டு ஈரச்சீலையால் துடைக்கிறோம். மேசையில் விரலால் பெயர் எழுதும் அளவுக்குப் படிந்த செம்மண் இப்போது இல்லை.

ஆனால் இருமல் நிற்கவில்லை! நுளம்புத்திரியைக் கவனிக்கச் சொன்ன அக்காதான் காரணத்தைச் சரியாகப் பிடித்தார். யன்னல் சாத்திய அறையில், அம்மாவின் கட்டிலுக்குக் கீழே அது விடியும்வரை புகைந்துகொண்டிருந்தது. ஒரு திரி எரிந்து முடியும்போது வெளிவரும் பிஎம் 2.5 எனப்படும், மூச்சோடு நுரையீரலுக்குள் போகும் மிக நுண்ணிய துகள், 75 முதல் 137 சிகரெட்டுகள் வெளிவிடும் அளவுக்குச் சமம் என்று 2003இல் வெளிவந்த ஆய்வொன்று சொல்கிறது. திரியை நிறுத்தி நுளம்பு வலை கட்டிய கிழமையே இருமல் தணியத் தொடங்கியது. அம்மா இப்போது நிம்மதியாக நித்திரை கொள்கிறா.

குசினியில் புகைக்கூடு இன்னும் கட்டவில்லை. நன்றாகக் காய்ந்த விறகு மட்டும் எரிக்கிறோம், புகை பாதியாகக் குறைந்த மாதிரித்தான் தெரிகிறது.

அப்புறம், ஈரச் சாக்குத் தொங்கவிடுவது அறையைக் குளிர்விக்கும் என்று சொல்வது உண்மைதான். ஆனால் அடிக்கடி கழுவி வெயிலில் போடாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கிறது. இருமல்காரர் இருக்கும் வீட்டுக்கு அது வேண்டாம்.